ரயிலில் கேட்ட ஒரு கேள்வி

யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பதுகளில், திருத்தணியில் மலைப்படிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். என் மூத்த மகள் பிறந்து இருபது நாள். நான் தாயில்லாத பெண் என்பதால் பிரசவமும் புகுந்த வீட்டிலேயே நடந்தது.

அதுவரை மஞ்சளாக மலம் போய்க்கொண்டிருந்த குழந்தை, திடீரென்று கறுப்பாகப் போனாள். மறுநாளும் கறுப்பு. ஓரத்தில் சிவப்பாக ஒரு கீற்று வேறு! துணியைப் பார்த்த மாமியார், "உன் பால்தான் விஷமா பூட்ச்சி. இனிமே குடுக்காத" என்றார். அவரும் பயத்தில் சொன்னதுதான், பாவம். சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டிக்கொண்டே காலை ரயிலில் அரக்கோணம் டாக்டரிடம் புறப்பட்டோம்.

பெண்கள் பெட்டியில் நானும் குழந்தையும்; பக்கத்துப் பெட்டியில் என் வீட்டுக்காரர். வண்டி நகர்ந்ததுமே குழந்தை வீறிட்டாள். எதிரில் கறுப்பு அங்கி அணிந்த முஸ்லிம் அம்மாள் ஒருவர், "பசிக்கு அழுவுது, பால் குடும்மா" என்றார்.

"என் பால் விஷங்க" என்றேன்.

டாக்டரிடம் காட்ட நான் எடுத்து வந்திருந்த அழுக்குத் துணியை அவர் வாங்கிப் பார்த்தார். முகம் சுளிக்கவே இல்லை. உதைத்துக்கொண்டு அழும் குழந்தையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "உனுக்கு எங்கனா வலிக்குதா கண்ணு?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், பொங்கி அழுதுவிட்டேன். மார்க்காம்பு வெடித்துப் புண்ணாகி ஒரு வாரம். குழந்தை வாய் வைத்தால் உயிர் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேனே தவிர, யாரிடமும் மூச்சு விடவில்லை. வெட்கமாம் வெட்கம்!

"அட பைத்தியமே! அது உன் ரத்தம். பாலோட சேத்து முழுங்கிகினு கீது. கொழந்த நல்லா கீது, புண்ணு உனுக்குத்தான்" என்று சிரித்தார். வாய் நிறையப் பிடிக்கும்படி குழந்தையை அணைத்து வைத்தார். குடித்து முடித்ததும் அதே பாலைப் புண்ணில் தடவிக் காற்றாட விடச் சொன்னார். அங்கியின் ஓரத்தை விரித்து எனக்கு மறைப்பும் பிடித்துக்கொண்டார். கரிப்புகை ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. வலித்தது, ஆனாலும் அவள் மடக்கு மடக்கென்று குடிக்கும் சத்தம் அத்தனை சுகமாக இருந்தது.

அரக்கோணத்தில் என் அழுத முகத்தைப் பார்த்த வீட்டுக்காரர், பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்! "உங்க பொண்ணுக்கு ஒண்ணுமில்லீங்க" என்று நான்தான் எழுப்பினேன். டாக்டரும் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். பிளாட்பாரத்தில் வீட்டுக்காரரை எழுப்பிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள்ளேயே அந்த அம்மாள் கூட்டத்தில் போய்விட்டிருந்தார். பெயர்கூடக் கேட்கவில்லை.

இப்போது பேத்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. எல்லோரும் தொட்டிலைச் சூழ்ந்துகொள்ள, நான் கட்டிலருகே போய், "உனக்கு எங்கேயாவது வலிக்குதா கண்ணு?" என்றுதான் முதலில் கேட்டேன்.