சந்தனம் வைத்த ஸ்பேனர்

கூலாய் ஊரில் புஷ்பவள்ளியைப் பிடிவாதக்காரி என்பார்கள். அது பொய்யில்லை. கணவன் ஐயாசாமி மாரடைப்பில் இறந்ததும் பக்கத்து ஊர் செனாயில் பார்த்த தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, அவன் ஓட்டிய பள்ளி வேனைத் தானே ஓட்டத் தொடங்கினாள். ஐயாசாமியின் அண்ணன் சபாபதி வேனைத் தனக்கு விற்றுவிடச் சொன்னார். அவரிடம் ஏற்கெனவே பல வேன்களும் அவற்றைப் பழுதுபார்க்கும் யார்டும் இருந்தன. வள்ளி விற்கவில்லை. காரணம் கேட்டவர்களுக்குக் காரணமும் சொல்லவில்லை.

ஆயுத பூஜையன்று வள்ளி வீட்டு வண்டிக்கும் சபாபதிதான் பூஜை செய்வார். ஐயாசாமியின் கருவிகளைச் சாமி படத்தின் முன் துணி விரித்து அடுக்கி, ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம் வைப்பார். மறுநாள் பூஜை முடியும்வரை யாரும் அவற்றைத் தொடுவதில்லை.

அந்த வருடம் அவர் எலுமிச்சம்பழத்தின் மேல் வேனை ஏற்றி நகர்த்தியபோது, அது நின்றிருந்த சிமெண்டில் கரும் எண்ணெய் தேங்கிக் கிடந்ததை வள்ளி பார்த்தாள். அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தாள். எஞ்சின் எண்ணெயை வடிக்கும் ப்ளக்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. விரலால் திருகினால் சுற்றிக்கொண்டே இருந்தது. இறுகவும் இல்லை, கழன்று வரவும் இல்லை.

“மரை போயிருச்சு மாமா. உங்க யார்டுல ஆயில் மாத்துனப்போ ஸ்பேனர்ல பைப்பு மாட்டி இறுக்குனாங்களே, அதான்.”

“டைட்டா இருந்தாத்தான்மா சேஃப்,” என்றார் சபாபதி. “இப்ப அடியில ஆயில் நிக்கிற பேனையே மாத்தணும். மூணு நாள் ஆகும். நாளைக்கு உன் பிள்ளைங்கள யுகேந்திரன் ஏத்திக்குவான். கவலைய விடு லா.”

யுகேந்திரன் அவருடைய ஓட்டுநர். அவர் வேனில் மூன்று நாள் ஏறிய பிள்ளைகள் திரும்பி வரமாட்டார்கள். அது சபாபதிக்கும் தெரியும், வள்ளிக்கும் தெரியும்.

வள்ளி மோட்டார் சைக்கிளில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், புது எண்ணெயும் சற்றுப் பெரிய ப்ளக் ஒன்றும் வாங்கி வந்தாள். தனக்கான மரையைத் தானே வெட்டிக்கொண்டு ஏறும் வகை ப்ளக் அது. முன்சக்கரங்களை இரும்புச் சாய்தளத்தில் ஏற்றினாள். பிறகு நேராகச் சாமி படத்தின் முன்னால் போய் ஒரு ஸ்பேனரையும் நீண்ட ஸ்க்ரூடிரைவரையும் எடுத்தாள்.

“ஏய் வள்ளி! பூஜையில இருக்கிற சாமான்!”

“தெரியுது மாமா.”

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஃபெலிசியா எட்டிப் பார்த்தாள். “வள்ளிக்கா, எங்க வீட்டுக்காரரு ஜோனோட டூல்ஸ் இருக்கு, எடுத்துக்குங்க. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. எங்க ஸ்பேனருக்கு இன்னைக்கு லீவு இல்ல.”

சபாபதியே சிரித்துவிட்டார். “அது சரி. அத வாங்கிக்க. சாமி குத்தமும் வராது.”

வாங்கியிருந்தால் எல்லாருக்கும் மரியாதை மிஞ்சியிருக்கும். வேலையும் நடந்திருக்கும். வள்ளி மறுத்தது புத்திசாலித்தனம் என்று சொல்ல முடியாது. ஆனால் சபாபதியின் அனுமதியோடு இரவல் கருவியை வாங்கினால், தன் கருவியைத் தொடவும் அவர் அனுமதி வேண்டும் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அவள் மறுத்தது அதைத்தான்.

“தேங்க்ஸ்மா ஃபெலி. என் வீட்டு ஸ்பேனர் சும்மாதானே படுத்திருக்கு,” என்றாள். சபாபதி பக்கம் திரும்பினாள். “சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன். நீங்க வெளிச்சத்த மறைக்காம நில்லுங்க.”

மரை தேய்ந்த ப்ளக்கைத் திருகினால் மட்டும் போதாது. வெளியே இழுத்துக்கொண்டே திருக வேண்டும். மல்லாந்து படுத்து, ஸ்க்ரூடிரைவர் முனையை ப்ளக்கின் தலைக்கடியில் செருகி இடது கையால் நெம்பினாள். வலது கையால் ஸ்பேனரைத் திருப்பினாள். முனை வழுக்கி முழங்கையைக் கிழித்தது.

“சொன்னேன்ல?” என்றார் சபாபதி.

“சாமி கிழிக்கல மாமா. உங்க ஆளு இறுக்கின இறுக்கு கிழிச்சிச்சு.”

மறுபடி செருகினாள். இம்முறை தலை ஒரு நூலளவு இறங்கியது. விடாமல் நெம்பித் திருகினாள். திடீரென்று ப்ளக் கழன்று விழ, கரும் எண்ணெய் அவள் தோள்வரை வழிந்தது. தேய்ந்த மரையின் இரும்புத் தூள் போகக் கொஞ்சம் புது எண்ணெய் விட்டு வடித்தாள். புது ப்ளக்கை நேராக வைத்து, பாதிச் சுற்று ஏற்றி, கால் சுற்று பின்வாங்கி, மெல்ல ஏற்றினாள். பைப்பு எதுவும் போடவில்லை.

எண்ணெய் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டு, ப்ளக்கின் அடியில் விரலால் தடவிப் பார்த்தாள். ஈரமில்லை. சந்தனமும் எண்ணெயும் குழைந்திருந்த கருவிகளைத் துடைக்காமலே துணியின் மேல் பழைய இடத்தில் வைத்தாள். பக்கத்தில் அந்தத் தேய்ந்த ப்ளக்கையும் வைத்தாள். சபாபதி அந்தத் துணியைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

காலையில் முதல் வீட்டு வாசலில் யுகேந்திரனின் வேன் நின்றிருந்தது. ஒரு சிறுமி படியில் கால் வைத்திருந்தாள். வள்ளி பின்னால் வந்து ஹாரனை அழுத்தினாள்.

“உங்க வேன் ஓடாதுன்னு பெரியவரு சொன்னாரே அக்கா?” என்றான் யுகேந்திரன்.

“ஓடித்தானே வந்திருக்கேன். பிள்ளைய இறக்கிவிடு, தம்பி.”

சிறுமி தானே இறங்கி வந்து வள்ளியின் வேனில் ஏறினாள். யுகேந்திரன் வழிவிட்டான். வள்ளி வேனை நகர்த்தியபின், அது நின்ற இடத்தைக் கண்ணாடியில் ஒரு முறை பார்த்தாள். தார்ச்சாலை காய்ந்திருந்தது. அடுத்த வீட்டுக்குத் திருப்பினாள்.