இரண்டு காலும் ஒன்றுபோல்

கடைக்குள் வந்து "எனக்கு ஏழாம் நம்பர்" என்று யாராவது சொன்னால் கஜானி நம்பமாட்டாள்.

"ஓம், ஏழாத்தான் இருக்கும். எண்டாலும் ஒருக்கா அளந்து பாப்பம்" என்பாள். வெள்ளைக் கடதாசியைச் சுவரோடு ஒட்டித் தரையில் விரித்து, வந்தவரைக் குதிகால் சுவரில் முட்டும்படி அதன்மேல் நிற்கச் சொல்வாள். கதிரையில் இருந்துகொண்டு அளக்க விடமாட்டாள். எழுந்து நின்று பாரம் முழுவதையும் வைத்தால்தான் பாதம் தன் உண்மையான நீளத்துக்கு வரும். பென்சிலைச் சரிக்காமல் நிமிர்த்திப் பிடித்துக் காலைச் சுற்றிக் கோடு கீறுவாள். வலதுக்கு ஒரு தாள், இடதுக்கு ஒரு தாள். பிறகு அடிமட்டத்தை வைப்பாள். ஏழு என்று வந்தவர்களில் பாதிப்பேர் எட்டாகத்தான் திரும்பிப் போனார்கள்.

புளியந்தீவில் காத்தான்குடி நிஸ்தார் நானாவின் சப்பாத்துக் கடையில் அவள் பதினான்கு வருடமாக வேலை செய்கிறாள். இருபது வயதில் சேர்ந்தவள். ஆட்கள் தங்கள் காலைப் பற்றியே சரியாகச் சொல்வதில்லை, மற்றதையெல்லாம் எப்படி நம்புவது என்பது அவளது எண்ணம். அதற்குக் காரணமும் இருந்தது. ஏழு வருடத்துக்கு முன்பு அவளுக்கு ஒரு கலியாணம் பேசி, நாள் வைத்து, மண்டபமும் ஒழுங்கு செய்தார்கள். நாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போதுதான், மாப்பிள்ளைக்குக் கொழும்பில் ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பது தெரியவந்தது. அதற்குப் பிறகு வந்த சம்பந்தங்களை அவளே கேள்வி கேட்டுக் கேட்டுத் துரத்திவிட்டாள் என்று அம்மா சொல்வாள்.

இந்த முறை வந்தவர் பழுகாமத்துச் சுதாகரன். முப்பத்தேழு வயது. எட்டு வருடம் தோஹாவில் கட்டட வேலை செய்துவிட்டு வந்து, இப்போது வயல் செய்கிறார். கல்லடியில் அவள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்று வாசலில் சப்பாத்தைக் கழற்றிய மனிதர் சொக்ஸைக் கழற்றவில்லை. சித்திரை மாத வெயில், வீட்டுக்குள் காற்றாடி சுற்றியும் எல்லோருக்கும் வேர்த்தது.

"அதையும் கழட்டிட்டு ஆறுதலா இருங்க மகன்" என்றாள் அம்மா.

"குதிகால் வெடிச்சுப்போய்க் கிடக்கு மாமி, பாக்க வடிவில்ல" என்று சிரித்தார் அவர்.

கஜானி அதைக் குறித்துக்கொண்டாள். வயல் செய்கிறவனுக்குக் குதிகால் வெடிப்பதில் என்ன வெட்கம்?

மற்றபடி ஆள் பிழையில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், தொலைபேசியில் அளவாகக் கதைத்தார். கலியாணம் ஆவணியில் என்று முடிவானது. வரவேற்புக்கு மாப்பிள்ளை கோட் சூட் போடுவதால், சப்பாத்து தன் கடையிலிருந்துதான் என்று கஜானி சொல்லிவிட்டாள். எப்படி அளப்பது என்றும் அவளே விளக்கினாள்: பின்னேரத்தில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற நேரத்தில், மெல்லிய சொக்ஸ் போட்டுக்கொண்டு, இரண்டு காலையும் கீற வேண்டும்.

"ஒரு கால் கீறினாக் காணாதா?" என்று கேட்டார் சுதாகரன்.

"காணாது. ஆருக்கும் ரெண்டும் ஒரே அளவா இருக்காது. பெரிய காலுக்குத்தான் சப்பாத்து எடுக்கிறது."

அவர் கதையை வயலுக்கு மாற்றப் பார்த்தார். பிறகு, "சரி, அனுப்புறன்" என்றார்.

அடுத்த நாள் படம் பிடித்து அனுப்பினார். படத்தில் அளவு தெரியாது, தாளையே அனுப்புங்கள் என்றாள். நாலு நாள் கழித்து, மண்டபம் பற்றிக் கதைக்க வந்த அவருடைய சித்தப்பா இரண்டு தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கடையில் கூட்டம் குறைந்த மத்தியானத்தில் கஜானி அவற்றை விரித்தாள். வலது இருபத்தாறு தசம் நான்கு சென்டிமீற்றர். இடதும் இருபத்தாறு தசம் நான்கு. அகலத்தை அளந்தாள். அதுவும் ஒன்று. வலது தாளில் குதிகாலுக்குப் பக்கத்தில் பென்சில் சறுக்கி ஒரு சின்ன நெளிவு இருந்தது. இடது தாளிலும் அதே இடத்தில் அதே நெளிவு. இரண்டு தாளின் முதுகையும் சேர்த்து வைத்துக் கண்ணாடிக் கதவில் பிடித்தாள். வெளி வெளிச்சத்தில் இரண்டு கோடும் ஒரே கோடாகத் தெரிந்தன.

"நானா, இதக் கொஞ்சம் பாருங்க."

நிஸ்தார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது ஒரே கால் தங்கச்சி. தாளத் திருப்பி வச்சி அதே கோட்ட மத்தத் தாளில கீறியிருக்கி."

"ஏன் அப்பிடிச் செய்யணும்?"

"பஞ்சியாயும் இருக்கலாம்."

கஜானிக்கு அது சோம்பலாகத் தெரியவில்லை. பஞ்சிக்காரன் இவ்வளவு கவனமாகக் கீறமாட்டான். சொக்ஸ் நினைவுக்கு வந்தது. ஒரு கால் காணாதா என்று தொலைபேசியில் அவர் கேட்டதும் நினைவுக்கு வந்தது. இடது காலில் என்ன? ஆறாத புண்ணா? ஏதும் நோய் வருத்தமா? அல்லது கீறியதே வேறு யாருடைய காலா? இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னாள்.

"ஒரு கடதாசியப் பிடிச்சுக்கொண்டு இந்தக் கலியாணத்தையும் குழப்பப் போறியா?" என்று அம்மா தலையில் கை வைத்தாள்.

"குழப்பல்ல. அளக்கத்தான் போறன்."

அந்தக் கிழமையே, சப்பாத்தைப் போட்டுப் பார்க்க வரச் சொல்லி அவரைக் கடைக்குக் கூப்பிட்டாள். பின்னேரம் நாலு மணிக்கு வந்தார். நிஸ்தார் சலாம் சொல்லி வரவேற்று, சோடா எடுத்துக் கொடுத்து, அஸர் தொழப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். கஜானி கடதாசியை விரித்து ஒரு சோடி மெல்லிய சொக்ஸை நீட்டினாள்.

"உங்கட சொக்ஸ் தடிப்பு. இதப் போடுங்க."

"நான் அனுப்பின அளவு பிழையா?"

அவள் இரண்டு தாளையும் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் காட்டினாள். அவர் பார்த்தார். அவருடைய சட்டைக் கழுத்து வேர்வையில் நனைந்திருந்தது. கதவை ஒரு தரம் பார்த்தார். எழுந்து போய்விடுவார் என்று கஜானி நினைத்தாள். அவர் குனிந்து இடது சொக்ஸைக் கழற்றினார்.

பெருவிரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லை. அந்த இடத்தில் தோல் மினுங்கியது.

"இரும்புப் பாளம் விழுந்தது, தோஹாவில. நாலு வருசமாச்சு" என்றார். "முதல் பேசின ரெண்டு இடத்திலயும் சொன்னன். முதல் இடத்தில வயல் வேலைக்குச் சரிவராது எண்டாங்க. மத்த இடத்தில ஒண்டும் சொல்லல்ல, பிறகு போன் எடுக்கவுமில்ல. அதால இந்த முறை சொல்லாம விட்டன்."

"விரல் இல்லாதது பெரிய காரியமில்ல" என்றாள் கஜானி. இரண்டு தாளையும் மடித்தாள். "நீங்க இருந்து, ஒரு காலத் திருப்பிக் கீறி, என்னை ஏமாத்தலாம் எண்டு நினைச்சீங்க. என்ட வேலை என்ன எண்டு தெரிஞ்சும்."

"கலியாணத்துக்குப் பிறகு சொல்லுவம் எண்டு நினைச்சன்."

"வேற என்ன இருக்கு, கலியாணத்துக்குப் பிறகு சொல்லுறதுக்கு?"

"ஒண்டுமில்ல."

"எழும்பி நில்லுங்க" என்றாள். அவர் நின்றார். இரண்டு காலையும் அளந்தாள். இடது இரண்டு சென்டிமீற்றர் கட்டை, ஆனால் முன்பாதம் வலதைவிட அகலம். வலதின் நீளத்துக்கும் இடதின் அகலத்துக்கும் பொருந்தக்கூடிய கறுப்புச் சோடி ஒன்றை எடுத்து வைத்து, இடது நுனியில் பஞ்சு அடைக்க வேண்டும் என்று பெட்டியில் எழுதினாள். பிறகு, "கலியாணத்தப் பத்தி நான் யோசிச்சுச் சொல்லுறன்" என்றாள்.

மறுநாள் சுதாகரன் தோஹா ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு கல்லடி வீட்டுக்குப் போய், அம்மாவுக்கு முன்னால் காலைக் காட்டியிருந்தார். அம்மா அழுது முடித்து அவருக்குச் சோறும் போட்டிருந்தாள். வேலையால் வந்து அதைக் கேட்டபோதும் கஜானிக்குச் சந்தேகம்தான் வந்தது. அகப்பட்ட பிறகு காட்டும் நேர்மைக்கு எவ்வளவு பெறுமதி?

ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறினாள். களுவாஞ்சிகுடியில் மாறி, பட்டிருப்புப் பாலம் கடந்து பழுகாமத்தில் இறங்கினாள். கடையொன்றில் தண்ணீர்ப் போத்தல் வாங்கிக்கொண்டு, சுதாகரன் வீடு எது என்று கேட்டாள்.

"எந்தச் சுதாகரன்? விரலில்லாத சுதாவா?" என்றாள் கடைக்காரப் பெண். "வட்டைக்குள்ள, வயலில நிப்பான்."

ஊருக்கே தெரிந்திருக்கிறது. மண்டபம் பேச வந்த சித்தப்பாவுக்கும் தெரிந்துதான் இருக்கும். கஜானிக்கு முகம் சுட்டது. கடைக்காரப் பெண்ணோடு அரை மணித்தியாலம் கதைகொடுத்தாள். குடியா, சூதா, வேறு பெண்ணா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"நீங்கதானே சுதா கட்டப்போற கல்லடிப் பொம்பிள? குடிக்கமாட்டான். வாய் காணாது, அதுதான் குறை. கேட்டாத்தான் சொல்லுவான்."

வயல் வரம்பில் அவர் வெறுங்காலோடு நடந்து வந்தார். இடது காலைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி ஊன்றினாலும் நடை தடுமாறவில்லை. அவளைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"என்ன, விசாரிக்க வந்தீங்களா?"

"ஓம்."

"விசாரிச்சு முடிஞ்சா?"

"இன்னும் இல்ல" என்றாள். ஆனால் பஸ் வரும்வரை அவரோடு நின்று கதைத்துவிட்டுத்தான் போனாள்.

வீட்டுக்கு வந்து, நாளை மாற்ற வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னாள். ஆவணியில் கலியாணம் நடந்தது. வரவேற்பில் அவர் கறுப்புச் சப்பாத்தோடு மூன்று மணித்தியாலம் நின்றார். சித்தப்பாவோடு மட்டும் கஜானி கனநாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இப்போது கல்லடியில்தான் இருக்கிறார்கள். வட்டைக்குப் போய் வருகிற சுதாகரன், இன்று யாரைக் கண்டேன், எந்தக் கடையில் தேத்தண்ணி குடித்தேன், பஸ் எங்கே பழுதானது என்று கேட்காமலே எல்லாவற்றையும் ஒப்புவிக்கிறார். அவர் இவ்வளவு சொல்கிறாரே, எதை விட்டுவிட்டார் என்று கஜானி யோசித்துக்கொண்டே அவருக்குச் சோறு போடுகிறாள்.