சட்டையில் பூத்த உப்பு

யுத்தகாலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிப்புகையால் ஓடும் எங்கள் கரி பஸ் ஆம்பூரில் நின்றுவிட்டது. டிரைவர் பின்பக்க அடுப்பைக் கிளறிக்கொண்டே இருக்கிறார். எப்போது கிளம்பும் என்று கேட்டால் முறைக்கிறார். சித்திரை வெயில். டீக்கடைக்கும் பஸ்ஸுக்குமாக நடக்கிறேன். ஆறு டம்ளர் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. காலையிலிருந்து சிறுநீரும் போகவில்லை. இப்போது கெண்டைக்கால் வேறு இழுத்துக்கொள்கிறது. கடை பெஞ்சில் உட்கார்கிறேன்.

பக்கத்தில் இருப்பவருக்குத் தோல் பதனிடும் தோல் ஷாப்பில் வேலை. உப்புப் போட்டு வரும் பச்சைத் தோல்களை உதறுகிறாராம். சட்டை முதுகெல்லாம் வெள்ளைக் கோடுகள். நான் சற்று நகர்ந்து உட்கார்கிறேன்.

"வெறும் தண்ணியா குடிச்சா இன்னா ஆவும் சார்? வேர்வையில உப்பும்தான் போவுது," என்று தன் தூக்கிலிருக்கும் கூழில் உப்புக்கல் போட்டுக் கலக்கி நீட்டுகிறார்.

நான் அவர் சட்டையையே பார்க்கிறேன்.

"தோல் உப்புன்னு பாக்கறீங்களா? அத்த ஷாப்லயே உதறிட்டுதான் வர்றேன். இது என் ஒடம்பு உப்பு."

வெட்கத்தோடு வாங்கிக் குடிக்கிறேன். ஹாரன் அடிக்கிறது, நொண்டிக்கொண்டே ஓடி ஏறுகிறேன்.

பக்கத்து சீட்டுக்காரர் என் முதுகில் காய்ந்திருக்கும் வெள்ளைக் கோடுகளைப் பார்க்கிறார். "தோல் ஷாப்பா?" என்று கேட்டுவிட்டு, சற்று நகர்ந்து உட்கார்கிறார்.