மாப்பிள்ளை மீனும் பதினொரு தலைப் பவளமும்

என் சித்தியின் சட்டையில் வலது கை எப்போதும் முழங்கைக்கு மேல் சுருட்டியிருக்கும். இடது கை மணிக்கட்டு வரை இறங்கி ஒழுங்காகப் பொத்தான் போட்டிருக்கும். பள்ளிக்கூட லீவுக்கு அவள் வீட்டுக்குப் போன நாட்களிலிருந்தே இதைப் பார்க்கிறேன். குடும்பப் படம் எடுக்கும்போது அம்மா, "அதை இறக்கி விடுடி, சண்டைக்குப் போறவ மாதிரி நிக்கிற" என்பாள். சித்தி இறக்குவாள். படம் எடுத்து முடித்த மறு நிமிடம் அது தானாக மேலே ஏறியிருக்கும். எந்த நேரமும் கையை உப்புத் தண்ணீருக்குள் விட வேண்டி வரலாம் என்று உடம்பே தயாராக இருந்தது போல.

அவள் வீட்டு ஹாலில் நாலடி நீளத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. மூன்றாவது மாடி. சனிக்கிழமைதோறும் ஒரு டிரம்மில் உப்புக் கலக்கி, இருபது லிட்டர் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிய தண்ணீர் விடுவாள். தண்ணீருக்குள் பாறை, பாறைமேல் உயிருள்ள பவளங்கள், அவற்றுக்கு நடுவே மீன்கள். சித்தப்பா பஸ் டிரைவர். "ஊர்ல எல்லாரும் கடலைப் பாக்கக் கடலுக்குப் போவாங்க. நான் காலை நீட்டி உக்கார இடமில்லாம கடல் என் வீட்டுக்கு வந்திருக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

சித்திக்கு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை. பவர் எழுதிய சீட்டைப் பார்த்து, வில்லையை ஃபிரேமின் அளவுக்கு வெட்டித் தேய்த்துப் பொருத்த வேண்டும். அரை மில்லிமீட்டர் அதிகம் தேய்ந்தால் போச்சு, தேய்ந்ததை ஒட்டவைக்க முடியாது. அந்தப் பயம் அவளுடைய மீன்களிலும் தெரிந்தது. ஒரு ஜோடி கோமாளி மீன், மணலை வாயில் அள்ளித் துப்பும் ஒன்று, பாறை இடுக்கைவிட்டு வெளியே வராத ஒன்று. எல்லாம் பவளத்தைத் தொடாத சாதுக்கள். பவளங்களில் அவளுக்கு உயிர் ஒன்றின்மேல்தான். கிளைகிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையின் முனையிலும் இளம்பச்சை விரல்கள் கொத்தாக ஆடும். இரண்டு கிளையோடு வாங்கியது, ஒன்பது வருடத்தில் பதினொன்றாகியிருந்தது. கிளை முனையை 'தலை' என்பார்கள் இந்த வேலை தெரிந்தவர்கள்.

நான் பட்டம் வாங்கிய கையோடு வேலை தேடி அவர்கள் வீட்டுக்கு வந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். படித்தது புள்ளியியல். தொட்டிக்கு எதிரே இருந்த சோபாதான் எனக்குப் படுக்கை. அந்த வருடம்தான் சித்திக்கு அந்த ஆசை வந்தது.

மீன்கடையில் அந்த மீனைப் பார்த்தபோது நானும் கூட இருந்தேன். உள்ளங்கையைவிடச் சின்னது. ஊதிய தணல் போன்ற சிவப்பு, அதன்மேல் நெட்டுக்குத்தாக நாலைந்து கறுப்புக் கோடு, துடுப்பின் ஓரத்தில் ஒரு நீலம். ஃப்ளேம் ஏஞ்சல் என்றார் மீன்கடைக்காரர்.

"பவளம் இருக்கற தொட்டியில விடலாமா?" என்று சித்தி கேட்டாள். பதில் அவளுக்கே தெரியும், ஒரு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"விடலாம், விடக்கூடாது. பத்துல ஆறு சாதுவா இருக்கும். நாலு கடிக்கும். எது ஆறு, எது நாலுன்னு மூஞ்சில எழுதி ஒட்டலையே அம்மா."

"இது எப்படி?"

"இன்னிக்கு நல்லவன். ரெண்டு வருஷம் கழிச்சுக் கெட்டுப்போனா என்னை வந்து கேக்காதீங்க. மனுஷனுக்கே நான் அந்த கேரண்டி தரதில்லை."

சித்தி வாங்கினாள். நோய் இருக்கிறதா என்று பார்க்க ஆறு வாரம் தனியே வைக்க வேண்டும். வேறு இடமில்லாததால் குளியலறை மூலையில் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி வந்தது. "நான் குளிக்கறப்ப முறைச்சுப் பாக்கறான்" என்றார் சித்தப்பா. வீட்டில் எல்லாருக்கும் முன்னால் அதற்குச் சாப்பாடு, அதன் பெட்டிக்கு ஹீட்டர், அது மிரளும் என்று கதவை மெல்லச் சாத்த உத்தரவு. "இத்தனை மரியாதை நான் இந்த வீட்டுக்குள்ள வந்தப்பகூட இல்லை" என்று சொல்லி, அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

ஆறு வாரம் கழித்து மாப்பிள்ளை பெரிய தொட்டிக்குப் போனான். அதே வாரத்தில் சித்தி தொட்டியில் இன்னும் இரண்டு காரியங்கள் செய்தாள். நட்சத்திரம் நட்சத்திரமாக முள் நீட்டிய ஒரு புதுப் பவளத்தைப் பதினொரு தலையிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தாள். அதன்மேல் அழுக்குப் படியாமல் இருக்க, தண்ணீரை அலையடிக்க வைக்கும் மோட்டாரைக் கொஞ்சம் திருப்பினாள். அப்போது அவை எங்களுக்குக் கணக்கிலேயே இல்லை. எல்லார் கண்ணும் மாப்பிள்ளைமேல்.

மூன்றாவது வாரம் ஒரு தலை விரியவில்லை. விரல்கள் உள்ளே சுருண்டு, அடியிலிருந்த வெள்ளைச் சுண்ணாம்பு எலும்பின் விளிம்பு தெரிந்தது. அடுத்த வாரம் இரண்டு. சித்தி கடையிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்து வந்து, நின்றபடி பார்த்துவிட்டுத் திரும்பப் போனாள். சாப்பிட்டாளா என்று தெரியாது. நாற்காலியில் உட்காருவாள், எழுந்திருப்பாள், கண்ணாடியில் மூக்கு ஒட்ட நிற்பாள். ஆள் நின்றால் மாப்பிள்ளை சோறு வருகிறது என்று முன்னால் வந்து ஆடுவானே தவிர, எதையும் கடிக்க மாட்டான்.

"நீ வீட்லதானே இருக்க, சோபாவுல படுத்துக்கிட்டே பாருடி. அவன் கடிக்கறானா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

எனக்கு அது ஒரு வேலை கிடைத்ததுபோல இருந்தது. நோட்டில் கட்டம் போட்டேன். காலை ஒன்பதுக்கு விளக்கு எரியத் தொடங்கியதிலிருந்து மாலை ஏழு வரை, ஒவ்வொரு மணி நேரத்திலும் பத்து நிமிடம். பன்னிரண்டு நாள். நாற்பத்தொரு முறை அவன் அந்தப் பவளத்தைக் கொத்தியிருந்தான். அதில் முப்பத்தாறு, சுருங்கிய தலைகளின்மேல். நான் கோடு போட்டு, கூட்டல் போட்டு, சித்தியிடம் நோட்டை நீட்டினேன். "சந்தேகமே இல்லை சித்தி."

அந்த வார்த்தையை நான் ஏன் சொன்னேன்? கல்லூரியில் மூன்று வருடம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே சந்தேகத்தை அளப்பது எப்படி என்றுதான். ஆனால் வீட்டில் உள்ளவர்கள் ஒருத்தி படித்து வந்திருக்கிறாள் என்று என் முகத்தைப் பார்க்கும்போது, தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"பட்டதாரி தீர்ப்பு சொல்லியாச்சு. மாப்பிள்ளைக்கு நாடு கடத்தல்" என்றார் சித்தப்பா.

பவளத் தொட்டியில் வலை வீசி மீன் பிடிக்க முடியாது. பாறையை முழுக்கப் பிரித்தால்தான் உண்டு, பிரித்தால் பவளம் உடையும். ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தண்ணீருக்குள் இறக்கி, அதன் கதவைத் தூண்டில் நரம்பால் தூக்கிக் கட்டி, நரம்பின் முனையை வெளியே ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். உள்ளே கடல்பாசித் துண்டு. அவன் நுழைந்ததும் நரம்பை விட வேண்டும். முதல் நாள் கோமாளிகள் இரண்டும் பெட்டிக்குள் குடியேறின. இரண்டாம் நாள் மாப்பிள்ளை வாலை வெளியே விட்டுத் தலையை மட்டும் நுழைத்துச் சாப்பிட்டான். ஐந்து நாள் மாறி மாறி நரம்பைப் பிடித்தோம். சித்தி கடைக்கு லீவு போட்டாள். பதினாறு வருடத்தில் நான் அறிந்து அவள் போட்ட நாலாவது லீவு. ஆறாம் நாள் அவள் கையில் நரம்பு இருந்தபோது அவன் முழுசாக உள்ளே போனான். அவள் விடவில்லை. அவன் சாப்பிட்டு வெளியே வந்துவிட்டான்.

"ஏன் சித்தி விடலை?"

"கை மரத்துப்போச்சு."

அன்று மாலை அவன் மறுபடி நுழைந்தபோது விட்டாள்.

அவனை வாங்கிக்கொண்டவரைக் கிரேன் அண்ணன் என்போம். கட்டட வேலையிடத்தில் உயரக் கிரேன் ஓட்டுகிறவர், நாலு ஸ்டாப் தள்ளி வீடு. மீன்கடையில் சித்திக்குப் பழக்கம். பவளம் வைக்கப் பயந்து வெறும் பாறையும் மீனும் மட்டும் வைத்திருந்தார். ஏழு வருடமாக அவரிடம் ஒரு டிரிகர் மீன் இருந்தது, பல்லால் நத்தை ஓட்டை உடைக்கிற முரடன். அவர் விரலை இரண்டு முறை பதம் பார்த்தவன். வருகிற மாப்பிள்ளையைக் கிழித்துவிடுவான் என்று, அவர் அந்த முரடனை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். இதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது.

மாப்பிள்ளை போன பின்னும் தலைகள் விரியவில்லை. ஏழாக இருந்தது ஆறாயிற்று, ஐந்தாயிற்று. சித்தி தண்ணீரைச் சோதித்தாள், மறுபடி சோதித்தாள், சோதிக்கும் மருந்து கெட்டுவிட்டதோ என்று புதிதாக வாங்கிச் சோதித்தாள். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருப்பதே அவளைத் தூங்கவிடவில்லை. நான் நோட்டைத் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஒரு விடியற்காலை சித்தப்பா முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினார். தொட்டி விளக்கு எரிய இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. சாவியைக் காணோம் என்று செல்போன் வெளிச்சத்தில் தேடியவர், போகிற போக்கில், "உங்க முள்ளுக்காரி இன்னிக்கும் மீசையை விரிச்சு உக்காந்திருக்கா" என்றார்.

சித்தி படுக்கையறையிலிருந்து வந்தாள். "என்ன மீசை?"

அவர் வெளிச்சத்தைக் காட்டினார். நட்சத்திரப் பவளத்திலிருந்து கண்ணாடி இழைபோல நீளநீளமாக நூல்கள் கிளம்பி, மோட்டார் தள்ளும் நீரோட்டத்தில் மிதந்து, பச்சைப் பவளத்தில் மிஞ்சிய தலைகளின்மேல் போய்ப் போய்த் தடவிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு வெள்ளைப் பொட்டு. கொட்டுகிற நுனி அது.

"இது எத்தனை நாளா?"

"நான் பாக்கறதுலேர்ந்து. ரெண்டு மாசம் இருக்கும். லைட்டு வந்தா உள்ளே இழுத்துக்கும் போல."

"ஏங்க சொல்லலை?"

"நீ எப்ப என்கிட்ட தொட்டியைப் பத்திக் கேட்ட? குளிக்கறப்பக்கூட மீனைப் பத்தி வாயைத் திறக்காதீங்கன்னு சொன்னவதானே."

சித்தி கையைத் தொட்டிக்குள் விட்டாள். நட்சத்திரப் பவளத்தை எடுத்துத் தொட்டியின் மறுகோடிக்குக் கொண்டுபோனாள். மோட்டாரைப் பழைய பக்கம் திருப்பினாள். நான் சோபாவில் எழுந்து உட்கார்ந்திருந்தேன். விளக்கு எரிந்த நேரத்தை மட்டும் அளந்துவிட்டு, நாள் முழுவதையும் அளந்ததாக நம்பியிருந்தேன். ஒரே வாரத்தில் மூன்று மாற்றம் நடந்திருக்க, பல் இருக்கிறது என்பதற்காக ஒன்றை மட்டும் குற்றவாளியாக்கியிருந்தேன். அவன் கொத்தியது ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்த சதையை.

மூன்று வாரத்தில் மிஞ்சிய ஐந்து தலைகளும் விரிந்தன. சித்தி நிம்மதியாவாள் என்று பார்த்தோம். மாறாக, வெறும் பாறையைப் பார்த்து நின்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு கிரேன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். மாப்பிள்ளை நன்றாகக் கொழுத்திருந்தான். அந்தப் பெரிய தொட்டியில் அவன் மட்டும்தான் இருந்தான்.

"உங்க முரடன் எங்கே அண்ணே?"

"அவனா? இவனை வெச்சுக்கிட்டு அவனையும் வெச்சுக்க முடியுமா தங்கச்சி? அனுப்பிட்டேன்."

மாப்பிள்ளையைத் திருப்பிக் கேட்க வந்த சித்தி, தொட்டிக் கண்ணாடியில் கையை வைத்தபடி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்து அவரே கேட்டார், "பவளம் தேறிடுச்சா?"

"தேறுது. இவன் மேல தப்பில்லை அண்ணே. நான்தான் வீண் பழி போட்டுட்டேன்."

அவர் வலையை எடுத்தார். பவளம் இல்லாத பாறைகளை ஒதுக்கி, மூன்று நிமிடத்தில் பிடித்து, மூடி போட்ட வாளியில் விட்டார். "உயரத்துல உக்காந்து வேலை பாக்கறவன், எனக்குக் கீழே என்ன நடக்குதுன்னு தெரியும். வந்ததுலேர்ந்து நீ அவனைத்தான் பாத்துக்கிட்டிருக்க."

"உங்களுக்கு நான் என்ன செய்யணும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "என்கிட்ட பவளம்னு ஒண்ணு நின்னதில்லை. அந்தப் பச்சையில ஒரு தலை கொடு. சாகாம வெச்சிருக்க முடியுதான்னு பாக்கறேன்."

"ஒண்ணென்ன, ரெண்டு தரேன். வெட்டறது எனக்குக் கஷ்டமா? எங்க கடையில வில்லை வெட்டற வைரச் சக்கரத்துல ஒரு நிமிஷ வேலை. கொஞ்சம் தேறட்டும்."

திரும்பி வரும்போது ஏறியது சித்தப்பாவின் பஸ். சித்தியின் மடியில் இருந்த வாளியை பஸ் கண்ணாடியில் பார்த்தவர், "மாப்பிள்ளைக்கும் டிக்கெட் உண்டு" என்று உரக்கச் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பல வாரங்களில் முதல் தடவையாகச் சித்தி சிரித்தாள்.

இது நடந்து இரண்டு வருடம். எனக்கு வேலை கிடைத்து வேறு வீட்டில் இருக்கிறேன். மாப்பிள்ளை இன்னும் அங்கேதான். சில நாள் அவன் அந்தப் பவளத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பான், விரல்களைப் பார்ப்பான். அதைப் பார்க்கப் பிடிக்காமல் சித்தி சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து உள்ளே போய்விடுவாள். கடைக்காரர் சொன்ன அந்த ஆறில் ஒருவனா, நாலில் ஒருவனா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

போன மாதம் அந்த வாளியைத் திருப்பிக் கொடுக்க நான் கிரேன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் தொட்டியின் நடுவில் தட்டையான ஒரு கல், மேலே ஒன்றும் இல்லாமல், தனியாக இருந்தது. அதற்கு நேர்மேலே பவளங்களுக்கென்று விற்கும் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தினம் எட்டு மணி நேரம் எரிகிறதாம், தண்ணீர் பழகட்டும் என்று.

"இப்ப எத்தனை தலை ஆச்சு?" என்று கேட்டார்.

"பதினொண்ணு."

"பரவாயில்லையே" என்றார் சந்தோஷமாக. வேறு எதுவும் கேட்கவில்லை.

சித்தியிடம் வந்து சொன்னேன். அவள் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வெட்டின இடத்துல அழுகல் பிடிச்சா மொத்தமும் போயிடும்டி. ஒரு தடவை என் கையாலதான் அதுக்குக் கேடு வந்தது."

"அவர் விளக்கு போட்டு வெச்சிருக்கார் சித்தி."

"தெரியும். அடுத்த மாசம் பாக்கலாம்."

அந்த அடுத்த மாதம் இதுதான். இன்று காலை போனில் கேட்டேன். பன்னிரண்டாவது தலை பிரியத் தொடங்கியிருக்கிறதாம். அது பிரிந்து முடியட்டும் என்கிறாள்.