உப்புக் கைகளும் நீலக் குப்பியும்

நேற்று உப்புப் போட்ட உலை பொங்கி வழிந்ததும் அடுப்புச் சுடர் பளிச்சென்று மஞ்சளானது. வேறு யாராக இருந்தாலும் அடுப்பை அணைத்திருப்பார்கள். நான் "சோடியம்" என்று சொல்லிக்கொண்டு நின்று பார்த்தேன். சோறு அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

ஃபிஜித் தீவுகளின் லம்பாசாவில் வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்த புதிதில் எனக்கு எல்லாவற்றுக்கும் பட்டியல் வேண்டும். ஆய்வுக்கூடச் சுவரில் பத்து விதிகள் ஒட்டியிருந்தேன். முதல் விதி: மாங்காய் தின்ற கையோடு வராதே. சிரிக்காதீர்கள். பெயர் தெரியாத உப்பைக் கம்பியில் தொட்டுச் சுடரில் காட்டினால், நிறத்தை வைத்து அதிலுள்ள உலோகத்தைச் சொல்லலாம். செம்பு பச்சை, சோடியம் மஞ்சள், பொட்டாசியம் கத்தரிப்பூ நிறம். எங்கள் பெண்களோ இடைவேளையில் பள்ளி மாமரத்தடியில் உப்பும் மிளகாயும் தொட்டுப் பச்சை மாங்காய் தின்பார்கள்; அதே விரலால் கம்பியைப் பிடிப்பார்கள். எதைக் கொடுத்தாலும் விரலில் இருந்த உப்பு ஏறி மஞ்சள்தான்.

செய்முறைப் பரீட்சையன்றும் தின்றுவிட்டார்கள். சகீனாவும்தான். அவளுடைய அப்பா, கரும்பு லாரி ஓட்டுகிறவர், காலையிலேயே வாசலில் வந்து சொல்லியிருந்தார்: "டீச்சரம்மா, பாஸ் ஆனா சுவாவுல லேப் படிப்பு. ஆவலன்னா தையக்கடதான். பேச்சே இல்ல."

சகீனாவோடு பரீட்சைக்கு நின்ற நான்கு பேருக்கும் ஒரே உப்பு, பொட்டாசியம். நான்கு சுடரும் மஞ்சள். மூன்று பேர் சோடியம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தலைநகர் சுவாவிலிருந்து வந்த பரிசோதகர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்க ஊர்ல எல்லாமே சோடியமா மிஸ்?" பரீட்சை நடக்கும்போது நான் வாய் திறக்கக் கூடாது.

சகீனா எழுதவில்லை. தன் விரலை முகர்ந்து பார்த்தாள். கையைக் கழுவினாள், கம்பியைச் சுட்டுச் சுத்தமாக்கினாள், மறுபடி உப்பைத் தொட்டுக் காட்டினாள். அப்போதும் கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருந்தது. "மிஸ், ஈ சோடியம் நஹி ஹை," என்றாள் ஃபிஜி இந்தியில், சோடியம் இல்லை என்று. பிறகு பரிசோதகரிடம் அலமாரியைக் காட்டினாள். "சார், அந்த நீல போத்தல்?"

"அது வயித்துவலி மருந்துக் குப்பியாச்சே!" என்றார் அவர்.

சுடரைப் பார்க்க வைத்திருந்த நீலக் கண்ணாடித் தகடு உடைந்த பிறகு எங்களுக்கு அந்தக் குப்பிதான் கண்ணாடி. மஞ்சளை அது விழுங்கிவிடும். அவள் அதன் வழியாகப் பார்த்தாள். அவரிடம் நீட்டினாள். அவரும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். சிவப்பு கலந்த கத்தரிப்பூ நிறம்.

"பொட்டாசியம்," என்றார், மாணவனைப் போல.

சகீனா இப்போது சுவாவில் குடிநீரைச் சோதிக்கிறாள். அவள் கையெழுத்து இல்லாமல் அறிக்கை வெளியே போகாது. இதை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூட.

போன மாதம் அந்தப் பழைய பள்ளிக்குப் போயிருந்தேன். மருந்து இப்போது பிளாஸ்டிக் குப்பியில் வருகிறது. மாமரம் நின்ற இடத்தில் கணினி அறை. சுடரைத் திரையில் காட்டுகிறார்கள். ஒவ்வொரு உலோகமும் தன் நிறத்தில் சுத்தமாக எரிகிறது. யார் கையிலும் உப்பு இல்லை.