விற்கச் சொன்ன மெக்கானிக்

கார் திருத்திப் பிழைக்கிற ஒருவர், "இதைத் திருத்த வேண்டாம், வித்துப்போடுங்கோ" என்று சொன்னால் கேட்கிறவருக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? எனக்கு அந்த இடத்தில்தான் முதலில் வந்தது.

எழுபதுகளின் தொடக்கம் அது. வெளிநாட்டுச் சாமான்களின் வரவு நின்றுபோயிருந்தது. புதுக் கார் என்பதை யாரும் கண்ணால் காணவில்லை. பழையதை விற்றால் இன்னொரு பழையதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். எங்களுடையது திருகோணமலைக் கடற்படைத்தளம் கைமாறிய காலத்தில், கப்பலேறிப் போன ஓர் ஆங்கிலேய அதிகாரியிடம் என் அப்பா வாங்கியது. சாம்பல் நிறம். அப்பா தளத்துப் பட்டறையில் வேலை செய்தவர். அவருக்குக் கண் மங்கியபோது நான் காரை ஓடப் பழகினேன். அவர் காலமான பிறகு கார் என்னுடையதாயிற்று.

எங்கள் வீடு லிங்கநகரில். கப்பல்துறைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். என் கணவருக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. அவருக்குக் கார் ஓடத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இருக்கவில்லை. காலையில் அவரை இறக்கிவிட்டு நான் கண்டி வீதிக்குத் திரும்புவேன். அந்த நாட்களில் திருகோணமலையில் கார் ஓடுகிற பெண்கள் ஓரிருவர் இருந்திருப்பார்கள். வீதியில் நின்று பார்ப்பவர்களைக் கண்டுகொள்ளாமல் இருக்க நான் எப்போதோ பழகிவிட்டேன்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சீனக்குடாவைத் தாண்டியதும் பொனற்றுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. மரநிழலில் நிறுத்தி, ஆறவிட்டு, பக்கத்து வீட்டில் தண்ணீர் வாங்கி ஊற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன். அடுத்த நாளும் அதே கதை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் அப்பாவின் காலத்திலிருந்து இந்தக் காரைப் பார்ப்பவர். தேவையில்லாமல் ஓர் ஆணியைக்கூடக் கழற்றமாட்டார் என்று பெயரெடுத்தவர். "ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்கோ, பாத்துச் சொல்லுறன்" என்றார். இரண்டு நாள் கழித்துப் போனபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஹெட் வெடிச்சிட்டுது, ரீச்சர்."

ஹெட் என்பது எஞ்சினின் மேற்பாகம். அது வெடித்து விரிசல் விட்டால் காரின் கதை முடிந்தமாதிரித்தான்.

"கழட்டிப் பாத்தனீங்களோ?"

"கழட்டத் தேவையில்லை. சத்தத்திலயே தெரியுது. ஓடுற நிலையில இருக்கேக்க வித்துப்போட்டு வேற ஒண்டைப் பாருங்கோ."

"நீங்களே இப்பிடிச் சொல்லுறீங்கள்?"

"ஓம், வேறென்ன சொல்லுறது" என்றவர், பக்கத்தில் நின்ற லொறிக்குக் கீழே படுத்துக்கொண்டார்.

என் கணவரோ மீன்காரரிடம் செவுளைத் திறந்து பார்த்த பிறகும், "இது இண்டைக்குப் பிடிச்சதுதானோ" என்று பக்கத்துக் கடையில் விசாரிக்கிற ஆள். பேக்கரிப் பாண் நிறை குறைகிறதென்று வீட்டில் தராசு வாங்கி வைத்திருந்தார். அப்படிப்பட்டவர், மெக்கானிக் சொன்னதை நான் சொல்லி முடிக்குமுன்பே தலையாட்டினார்.

"அந்தாள் சொன்னால் சரியாத்தான் இருக்கும். நீர் யோசிக்காதையும். வித்திடுவம்."

"கழட்டிப் பாக்காமலே சொல்லுறார்."

"அனுபவம் உள்ளவனுக்குக் கழட்டத் தேவையில்லைத்தானே."

அவர் ஒருவரின் அனுபவத்தை இப்படிப் பாராட்டி நான் கேட்டதில்லை. ஆனால் என் எண்ணமெல்லாம் மெக்கானிக்மேல் இருந்தது.

அந்தச் சனிக்கிழமையே கிண்ணியாவிலிருந்து ஒருவர் வந்தார். பழைய வாகனங்களை வாங்கி விற்கும் முஸ்லிம் வியாபாரி. வெள்ளைச் சட்டை, சாரம், நல்ல மரியாதையான பேச்சு. முன்விறாந்தையில் கதிரை போட்டு உட்காரச் சொன்னேன்.

"கார் விக்கிறதாக் கேள்விப்பட்டன், ரீச்சர்."

"ஆர் சொன்னது?"

"இந்த ஊருக்குள்ள ஒரு கதை ஒளிச்சிருக்குமா?" என்று சிரித்தார்.

காரைச் சுற்றி வந்தார். ரயரை உதைத்துப் பார்த்தார். கதவுகளைத் திறந்து சாத்தினார். ஆசனத்தில் உட்கார்ந்தும் பார்த்தார். பொனற்றை மட்டும் அவர் திறக்கவில்லை.

"எஞ்சினைப் பாக்கேல்லையோ?"

"பாத்து என்ன, ரீச்சர். பழுதெண்டு தெரியும்தானே."

அது பழுதென்று நான் அவரிடம் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற என் கணவரும் அதுவரை வாய் திறக்கவில்லை. பதிலுக்கு வேறு கார் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு டொக்டர் வைத்திருந்த கார் வரப்போகிறது, வந்தால் முதலில் எங்களுக்குத்தான் என்றார்.

"எப்ப வரும்?"

"வரும் ரீச்சர். இன்ஷா அல்லாஹ்."

"அதுவரைக்கும் பஸ்ஸில போகலாம்தானே" என்றார் என் கணவர். அவர் அன்று சொன்னது அந்த ஒரு வசனம்தான்.

யோசித்துச் சொல்வதாக வியாபாரியை அனுப்பினேன். திங்கட்கிழமை பஸ்ஸில் போகும்போது யன்னலோரம் இருந்து பார்த்தேன். கராஜ் வாசலில் ஒரு பழைய ரயரின் மேல் அந்த வியாபாரி இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் மெக்கானிக். கையை ஆட்டி எதையோ விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். எனக்கு எல்லாம் வெளித்ததுபோல் இருந்தது. நல்ல காரைப் பழுதென்று சொல்ல ஒருவர். பழுதின் விலைக்கு வாங்க இன்னொருவர். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை அவர்கள் இருவரையும் மனதுக்குள் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டே போனேன்.

பின்னேரம் நேரே கராஜுக்குப் போனேன். நல்லவேளை, வியாபாரி போய்விட்டிருந்தார்.

"ஹெட்டைக் கழட்டுங்கோ. வெடிப்பை நான் என்ர கண்ணால பாக்கோணும்."

அவர் முகம் மாறியது. "கழட்டினால் கஸ்கெற் கிழியும், ரீச்சர். புதுசு இப்ப எங்கயும் எடுக்க ஏலாது."

கஸ்கெற் என்பது ஹெட்டுக்கும் எஞ்சினின் கீழ்ப்பாகத்துக்கும் இடையில் வைக்கிற மெல்லிய தகடு. தப்புவதற்கு அவர் பிடித்த சாக்கு அது என்று நினைத்தேன்.

"கிழியட்டும். கழட்டுங்கோ."

"ரீச்சர், நான் சொல்லுறதை..."

"நாளைக்குப் பின்னேரம் வாறன். நான் நிக்கேக்கதான் கழட்டோணும்."

மறுநாள் காரோடு ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் பள்ளிக்கூடத்து வெண்கட்டிகள் சிலவும் கொண்டுபோனேன். அவர் ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, ஹெட்டைத் தூக்கி ஒரு பலகையில் வைத்தார். சொன்னபடியே கஸ்கெற் இரண்டாகக் கிழிந்து பாதி அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. கீழ்ப்பக்கத்தில் கரி படிந்திருந்த ஒரு கோட்டைச் சுட்டிக்காட்டி, "இதுதான்" என்றார்.

அதைத் துடைத்தேன். கோடு துணியோடு வந்துவிட்டது.

வார்ப்பிரும்பில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால், மண்ணெண்ணெய் அதற்குள் போய் நின்றுகொள்ளும். மேற்பரப்பைத் துடைத்துவிட்டு வெண்கட்டித் தூளைப் பூசினால், உள்ளே நின்ற எண்ணெய் ஊறி வந்து வெள்ளையில் கோடாகத் தெரியும். கடற்படைத்தளத்தில் இப்படித்தான் பார்ப்பார்கள் என்று வீட்டில் கதை அடிபட்டிருக்கிறது. பூசித் துடைத்துத் தூள் போட்டேன். மெக்கானிக் ஒரு பக்கமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தூள் காய்ந்தபடியே கிடந்தது. மறுபக்கமும் போட்டேன். அங்கும் ஒரு கோடில்லை.

"எங்க வெடிப்பு?"

அவர் துணியை எடுத்துக் கையைத் துடைக்கத் தொடங்கினார்.

"கிண்ணியாக்காரரும் நீங்களும் எவ்வளவு நாளா இந்த வேலை செய்யிறீங்கள்?"

அது அவரைச் சுட்டுவிட்டது. "அப்பிடிச் சொல்லாதேங்கோ, ரீச்சர். உங்கட அப்பா என்னை ஒரு நாளும் அப்பிடிக் கேட்டதில்லை. அந்தாளை நான் அனுப்பேல்லை."

"அப்ப ஆர் அனுப்பினது?"

துணியை உதறித் தோளில் போட்டார். வீதிப் பக்கம் பார்த்தார். "உங்கட வீட்டுக்காரர்தான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. எங்கள் வீட்டுச் சொந்தக்காரரைச் சொல்கிறாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். எங்களுக்குச் சொந்த வீடு.

"கார் சரிவராது, வித்திடச் சொல்லுங்கோ எண்டு வந்து சொன்னவர். உங்கட நன்மைக்கெண்டு சொன்னவர். புருசன் பெண்சாதிக்குள்ள நான் என்ன செய்யிறது? கிண்ணியாக்காரரைப் பிடிச்சதும் அவர்தான். அந்த வியாபாரி நேற்று இஞ்ச வந்து, உண்மையாப் பழுதோ, பழுதில்லாததைப் பழுதெண்டு வாங்க எனக்கு மனமில்லை எண்டு கேட்டவர்."

"அப்ப கார் சுடுறது?"

"ரேடியேற்றர் அடைச்சிருக்கு. கிணத்துத் தண்ணி விட்டு விட்டு உள்ளுக்குச் சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைச்சுக் கழுவினால் சரி."

கழுவினால் சரியாகியிருக்கும் கார், இப்போது மூடி இல்லாத எஞ்சினோடு என் முன்னால் நின்றது.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். அவர் கந்தோர் விட்டு வந்து, உடுப்பு மாற்றி, தேநீருக்குக் குசினி மேசையில் வந்து உட்காரும்வரை காத்திருந்தேன். அவர் கோப்பையைத் தூக்குவதையும் ஊதுவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் பார்த்த முகம்தான். அதில் எனக்குத் தெரியாத இடம் எது என்று தேடினேன்.

"ஹெட்டில வெடிப்பில்லை."

அவர் கோப்பையை வைத்தார். "அவன் சொல்லிப்போட்டானோ?"

எப்படித் தெரியும் என்றோ, யார் பார்த்தது என்றோ அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அவரை இன்னும் கொஞ்ச நேரம் நம்ப முயன்றிருப்பேன்.

"ஏன்?" என்றேன்.

"கண்டி வீதியில லொறி ஒண்டு பிரண்டு கிடந்ததே. கந்தோர் வானில போகேக்க பாத்தனான். அண்டையில இருந்து நீர் திரும்பி வருமட்டும் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. ஒவ்வொரு நாளும் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"அதை என்னட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் நீர் கேப்பீரோ?"

கேட்டிருக்கமாட்டேன். அது எனக்கும் தெரியும். அவர் குரல் பொய் சொல்கிற குரலாக இல்லை. ஆனாலும் எனக்குள் ஏதோ ஒன்று விடவில்லை.

"கந்தோரில ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"என்ன சொல்லுறது?"

"மனுசி கொண்டுவந்து இறக்கிவிடுறா எண்டு."

அவர் யன்னலைப் பார்த்தார். "சொல்லுறவை சொல்லுவினம்தானே."

"அதுவும் ஒரு காரணமோ?"

"இல்லை" என்றார். கேள்வி முடியுமுன்பே சொல்லிவிட்டார்.

பிறகு பல நாட்கள் நாங்கள் பஸ்ஸில் திரிந்தோம். மெக்கானிக் சொன்னது சாக்கல்ல. கஸ்கெற் உண்மையிலேயே கிடைக்கவில்லை. கொழும்புக்குச் சொல்லிவிட்டும் கைக்கு வரவில்லை. வீட்டில் பேச்சு சாப்பாட்டோடும் உடுப்போடும் நின்றுகொண்டது. அவர் அலுமாரியைத் திறந்தால்கூட எதை எடுக்கிறார் என்று என் கண் போனது. அந்தப் பழக்கம் எனக்கே பிடிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் ஒன்றும் சொல்லாமல் வெளிக்கிட்டுப் போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் சட்டை முழுக்க வேர்வையோடும், முழங்கால்வரை நனைந்த காற்சட்டையோடும் வந்தார். கிண்ணியாத் துறையில், வாகனங்களையும் ஆட்களையும் அக்கரை சேர்க்கிற, 'பாதை' என்று சொல்லும் மிதவை பழுதாகி நின்றதாம். தோணியில் போய்த் தோணியில் வந்திருக்கிறார். அவருக்கு நீந்தத் தெரியாது. புதினத்தாளில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்தார். உள்ளே ஒரு கஸ்கெற்.

"அந்த வியாபாரியிட்ட எங்கட கார்மாதிரி ஒண்டு ஓடாமல் கிடக்கு. அதுக்கெண்டு எடுத்து வைச்சிருந்த புதுசாம். தந்தவர்."

நான் அதை வெளியே கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். எங்காவது மடிப்பு, எங்காவது ஓட்டை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவர் வாசற்படியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லதுதான்" என்றார். "நானும் பாத்தனான்."

ரேடியேற்றர் கழுவப்பட்டு, ஹெட் மூடப்பட்டு, கார் திரும்ப ஓடியது. விற்கிற பேச்சை அவர் அதன்பின் எடுக்கவில்லை. நான் தாமதமாக வருகிற நாட்களில் வீதி முடக்கில் வந்து நிற்பார். காரைக் கண்டதும் கடைக்குப் போகிறவர்போலத் திரும்பி நடப்பார். அதைக் காணும்போது அவர் சொன்ன பயம் உண்மைதான் என்று தோன்றும். கந்தோர் வாசலில் இறங்கும்போது, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவசரமாகக் கதவைச் சாத்துவார். அப்போது மற்றக் காரணமும் உண்மைதான் என்று தோன்றும். இரண்டில் எது பெரியது என்று நான் பிறகு ஒருபோதும் கேட்கவில்லை. கேட்டால் வருகிற பதிலை நம்புவேனா என்று எனக்கு நிச்சயமில்லை.

மெக்கானிக்கை விட்டு வேறு ஆளிடம் போகவும் மனம் வரவில்லை. போனாலும் அந்த எஞ்சினைத் தெரிந்தவர்கள் வேறு யாருமில்லை. அடுத்த முறை பிறேக் வேலைக்குக் கொண்டுபோனபோது, கழற்றிய பழைய சாமான்களை எல்லாம் ஒரு புதினத்தாளில் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார்.

"பாருங்கோ, ரீச்சர்."

"தேவையில்லை" என்றேன்.

ஆனாலும் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நான் பார்த்து முடிக்கும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.