செம்புக் கெட்டிலின் வெள்ளை

இந்த அரக்கோணத்து வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி வருகிறது. குழந்தைக்குக் கொடுக்கலாம் என்று காய்ச்சி இறக்கினால் மட்டும் மேலே மாவு தூவினாற்போல் ஏதோ மிதக்கிறது. வந்த புதிதில் காய்ச்சிக் காய்ச்சிக் கொட்டினேன். பிறகு வடிகட்டிக் கொடுத்தேன். கொடுத்தபின், கொடுத்திருக்கலாமா என்று தொட்டிலருகிலேயே உட்கார்ந்திருந்தேன். குழந்தை தன் பாட்டுக்குத் தூங்கியது. பாத்திரத்தின் அடியைத் தடவிப் பார்த்தேன். அந்தச் சொரசொரப்பு என் விரலுக்குப் பழக்கமானதுதான்.

என் சின்ன வயதில் நாங்கள் ஆம்பூரில் இருந்தோம். எனக்கு ஏழு வயதிருக்கும், எட்டாகவும் இருக்கலாம். எங்கள் தெருவுக்குக் குழாய் வந்த புதிது. கிணறு இறைத்துக் கை காய்த்துப்போன பெண்கள் அதற்குக் கற்பூரம் காட்டாததுதான் குறை. தாலுகா கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, புதுத் தண்ணீருக்குப் பழைய அண்டா பொருந்தாது என்று நினைத்தாரோ என்னவோ, மதராசிலிருந்து ஒரு செம்புக் கெட்டில் வாங்கிவந்தார். கூடத்தில் சாமி படத்துக்கு அடுத்தபடி அதற்குத்தான் மரியாதை.

பக்கத்து வீடு தோல் பதனிடும் ஷாப் வைத்திருந்தவர்களுடையது. இரண்டு வீட்டுப் புழக்கடைக்கும் நடுவே இருந்த சுவரில் ஒரு பகுதி இடிந்து, ஆள் நுழையும் அளவுக்குச் சந்து விட்டிருந்தது. சமைத்த பண்டம் அந்த வழியாகப் போகாது. கீரை, எலுமிச்சை, பூ, என் தம்பிக்கு வயிறு உப்பினால் ஓமம், ஊர்ப்பேச்சு எல்லாம் போகும், வரும். அந்த வீட்டு அம்மாவை நான் 'காலா' என்பேன். அவர்கள் பேசும் உருதுவில் அம்மாவின் கூடப்பிறந்தவள். மாதனூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என் அம்மா ஆம்பூரில் வாய்விட்டுச் சிரித்ததை நான் பார்த்த ஒரே இடம் அந்தச் சந்துதான்.

புதுத் தண்ணீரில் பருப்பு வேக மறுத்தது. சோப்பு நுரைக்காமல் திரிந்த பால் மாதிரி ஒட்டியது. எங்களோடு இருந்த அத்தைக்கு இதில் சந்தேகமே இல்லை. "மாதனூர்க் கைக்குப் பருப்புகூட மசியலயே" என்பாள். அம்மா அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளுவாள்.

ஒரு நாள் அப்பாவின் மேலதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா தன் கையாலேயே கெட்டிலைச் சாய்த்து அவருக்குத் தேநீர் ஊற்றினார். ஒன்றும் வரவில்லை. இன்னும் சாய்த்தார். மூடி ஆடியதே தவிர மூக்கிலிருந்து சொட்டுக்கூட விழவில்லை. பிடித்துக் குலுக்கியதும் முட்டை ஓடு மாதிரி ஒரு வெள்ளைப் பொருக்கு தொப்பென்று டம்ளருக்குள் விழுந்து, பின்னாலேயே தேநீரும் கொட்டியது.

ஆம்பூரில் சுண்ணாம்பு என்றால் முதலில் வெற்றிலை ஞாபகம் வராது, தோல்தான் வரும். ஷாப்புகளில் ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்துத்தான் மயிரை உதிர்ப்பார்கள். அதிகாரி டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். "இன்னா குமாஸ்தா, பக்கத்து ஷாப்பு சுண்ணாம்பக் கெட்டில்ல போட்டு வெச்சிருக்கீரா? என் மீசைய உதுக்கலாம்னு பாக்கறீரா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அவர் போனபிறகு அப்பா சிரிக்கவில்லை. அதிகாரியின் வேடிக்கைப் பேச்சு ராத்திரிச் சாப்பாட்டுக்குள் எங்கள் வீட்டில் உண்மையாகிவிட்டது. "குழியிலருந்து ஆத்துல எறங்குது, ஆத்துலருந்து குழாய்க்கு வருது" என்றார் அப்பா. "நான் அப்பவே நெனச்சேன்" என்றாள் அத்தை. மறுநாள் காலை புழக்கடையில் செங்கல் இறங்கியது. மத்தியானம் கொத்தனார் வந்து சுவரிலிருந்த சந்தை அடைக்கவேண்டியது. அதோடு அந்த வீட்டுப் பேச்சும் முடிந்தது என்று ஏற்பாடு.

அம்மா செங்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அடைக்கறதுக்கு முன்னாடி நானே போய் நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்" என்றாள். அப்பாவுக்கு ஆச்சரியம். "கேளு, கேளு" என்றார்.

அம்மா கெட்டிலை எடுத்தாள். போகிற வழியில் சமையலறைக்குள் நுழைந்து, பானையிலிருந்து ஒரு பிடி புளியை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். சண்டையில் தொண்டை வறண்டால் சப்புவதற்கு என்று நினைத்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன்.

சந்துக்கு அந்தப் பக்கம், புழக்கடை அடுப்பருகில் உட்கார்ந்திருந்த காலா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாம்மா, கெட்டில தூக்கினு வந்துட்டே? சாயாவுக்கா, சண்டைக்கா?"

"சண்டைக்குத்தான் அனுப்பிச்சாங்க."

"அப்ப உக்காந்து போடலாம் வா."

அம்மா மூடியைத் திறந்து காட்டி, வழக்கமில்லாத உரத்த குரலில், "இதெல்லாம் உங்க ஷாப்பு சுண்ணாம்பாம், அக்கா!" என்றாள்.

காலா எழுந்து உள்ளே போய், மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து தன் கெட்டிலை எடுத்துவந்தாள். எங்களுடையதைவிட வெள்ளை. "எனக்குப் பாத்திரம் கழுவத் தெரியலன்னு எங்க வூட்டுக்காரரு டெய்லி பேஜாரு பண்றாரு. ஷாப்பு சுண்ணாம்ப நாங்களே காய்ச்சிக் குடிப்பமா?" என்றவள், அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அவளும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு குரலை உயர்த்தினாள்.

"ஏம்மா, உங்கம்மா வூட்டு கெணத்துத் தண்ணி காய்ச்சற அண்டாவுல அடி பூரா வெள்ளையா கல்லு கட்டும், கரண்டியால சொரண்டுவேன்னு சொல்லுவியே?"

"ஆமாக்கா. எனக்குப் புத்தி தெரிஞ்ச நாளா."

"அந்த மாதனூர்ல தோல் ஷாப்பு எங்கம்மா இருக்குது? நெல்லும் கரும்பும்தானே?"

சுவருக்கு எங்கள் பக்கம் அப்பா இருமுவது கேட்டது.

அம்மா மடியிலிருந்த புளியைப் பிய்த்து இரண்டு கெட்டிலிலும் போட்டாள். அடுப்பில் வைத்ததும் உள்ளே புசுபுசுவென்று பொங்கி, பொருக்கு பொருக்காக வெள்ளை விட்டுக்கொடுத்தது. இருவரும் தேங்காய் நாரால் தேய்த்தார்கள். தேய்த்ததைவிடச் சிரித்ததுதான் ஜாஸ்தி. நடுவே காலா, "பருப்புக்கு மழைத்தண்ணி ஊத்தினா மசியும்மா" என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

மத்தியானம் கொத்தனார் வந்தார். அப்பா பளபளக்கும் கெட்டிலைப் பார்த்தார், செங்கல்லைப் பார்த்தார். "மழைத்தண்ணி புடிச்சு வெக்க ஒரு மேடை கட்டிடு. பருப்புக்கு அதுதான் நல்லதாம்" என்றார்.

"சந்தை அடைக்கணும்னு சொன்னீங்களே?"

"எந்தச் சந்து?" என்றார் அப்பா.

நேற்று இந்த வீட்டில் நானும் புளி போட்டுக் கொதிக்கவைத்தேன். பாத்திரம் வெளுப்பு நீங்கிப் பளிச்சென்றாயிற்று. ஆம்பூரில் இதே மாதிரித் தண்ணீரைக் குடித்துத்தான் நானும் தம்பியும் வளர்ந்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, இன்று வடிகட்டாமலே குழந்தைக்குக் கொடுத்தேன். தொட்டிலருகில் உட்காரவும் இல்லை. ஒரே ஒரு தரம் எட்டிப் பார்த்ததோடு சரி.

அன்று காலாதான் ஜெயித்தாள், அம்மா தோற்றுப்போய்ச் சிரிக்கிறாள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த வெள்ளையை அம்மா பிறந்த வீட்டிலேயே அறிந்தவள் என்பதும், தன் வாயால் சொன்னால் எடுபடாத வீட்டில் அதை இன்னொருத்தி வாயால் சுவர் தாண்டிச் சொல்லவைத்தாள் என்பதும் எனக்கு எட்டவில்லை. சண்டைக்குப் போகிறவள் எதற்குப் புளி எடுத்துப்போகிறாள் என்று அத்தனை யோசித்த எனக்கு, அம்மா சண்டைக்கே போகவில்லை என்பது மட்டும் தோன்றவில்லை.